ஒத்துழைக்கவில்லை என்று நான் எழுதிய பெத்தம்மாள்

அவைத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் தீப்பெட்டி ஆலை அதிபர் பூவனநாதன் அண்ணாச்சி அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் முதியோர்களே, காட்டு வேலையைப் போட்டுவிட்டு டவுன் பஸ்ஸில் கால்கடுக்க நின்று வந்திருக்கும் தாய்மார்களே, கரிசல் மண்ணின் கனிந்த நெஞ்சங்களே, உங்கள் அனைவரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

நோயைத் தீர்க்க முடியாதபோது நோவையாவது தணிப்போம் என்று வீடு வீடாகப் போகும் நம் அமைப்புக்கு இன்று மூன்றாம் ஆண்டு. டாக்டர் இவாஞ்சலின் சாதனைகளை விளக்குவார் என்று நோட்டீஸில் அச்சடித்திருக்கிறார்கள். மன்னியுங்கள், நான் சொல்ல வந்தது என் பிழையை.

மாத்திரைக்குத் துணையாக மதுரையில் ஒரு கலை கற்று வந்தேன். மெல்லப் பேசி, மனத்தை வலியைவிட்டு வேறிடம் அழைத்துப் போகும் கலை. ஆங்கிலத்தில் ஹிப்னாடிசம், அழகு தமிழில் அறிதுயில், நாகலாபுரத்தில் வசியம்! சிரிக்கிறீர்கள் தாய்மார்களே. நானும் அன்று சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

நாகலாபுரம் பெத்தம்மாளுக்குக் கர்ப்பப்பையில் புற்றுநோய். மகள் உமாதேவி திருப்பூரில் பிள்ளை பெற்று முப்பது நாள் தீட்டுக் கழியாமல் இருந்தாள். அவள் வரும்வரை உயிர் தங்க வேண்டும், அது ஒன்றுதான் அந்தத் தாயின் ஆசை. நான் கட்டிலருகே அமர்ந்து, பயிற்சியில் சொல்லித் தந்தபடி, "மெல்லக் கண்ணை மூடுங்க" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மூடச் சொல்லாதீங்க டாக்டரம்மா. எம் மவ வரட்டும்."

கண்ணை மூடுவது என்றால் நம் ஊரில் என்ன பொருள்? எனக்குத் தெரியாதா? என் தந்தை கண்ணை மூடிய சேதியை நானே பத்து வீட்டுக்குச் சொன்னவள் அல்லவா? தெரிந்தும் என் காதில் விழவில்லை. நோட்டில் 'ஒத்துழைக்கவில்லை' என்று எழுதிவிட்டு ஜீப்பில் ஏறினேன்.

ஏழு நாள் கழித்துப் போனபோது கணவர் சோலைமுத்து வாசலிலேயே நின்றார். அவர் குரலில் கோபம் இல்லை.

"நேரம் வந்துட்டுன்னு நீங்க சொன்னதா நினைச்சுட்டா. ஒறங்கினா எந்திரிக்க மாட்டோம்னு, ஏழு நாளா ஒறங்காமலே கெடக்கா."

ஓடிப்போய் பெத்தம்மாள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். கண்ணைத் திறந்தே வைத்திருக்கச் சொன்னேன். எங்கே போகலாம் என்று அவரையே கேட்டேன். பருத்திக் காட்டுக்கு என்றார். வழியை அவர் சொன்னார், நான் வார்த்தையால் பின்தொடர்ந்தேன். வெள்ளையாய் வெடித்த பருத்தி, வெதுவெதுப்பான வெயில். இறுகிக் கிடந்த விரல்கள் பருத்தி எடுப்பதுபோல் அசைந்தன. பிறகு உறங்கினார்.

முப்பது கழிந்ததும் மகள் வந்தாள், பேரனை மார்பில் கிடத்தினாள். நான்காம் நாள் பெத்தம்மாள் போய்ச் சேர்ந்தார்.

வலி முழுதும் போனதா? போகவில்லை. பயம் போனதா? போனது. அந்த ஏழு நாள்? அதை எந்த மருந்து கொடுத்து நான் ஈடுகட்டுவேன்? நோயாளியிடம் பேசப் போகும் இளைஞர்களே, முதலில் கேளுங்கள். கேட்டுவிட்டுப் பேசுங்கள்.

சோலைமுத்து அண்ணாச்சி இன்று நம் தொண்டராக இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார். அன்று மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோது, விடுங்கம்மா என்று தடுத்துவிட்டார். இன்று ஊரறியக் கேட்கிறேன். என்னை மன்னித்துவிடுங்கள். எழுந்திருக்க வேண்டாம் அண்ணாச்சி, உட்காருங்கள். நிற்க வேண்டியவள் நான்.

பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி. பெத்தம்மாளுக்கும் சேர்த்து, வணக்கம்.