கூலி இல்லை என்ற ஒரு சொல்

எழுபதுகளில் ஒருநாள், சமூக சேவகியான தங்கள் பண்ணையம்மாவின் அடக்கம் முடிந்து தாம்பரத்திலிருந்து ரயிலில் திரும்பிய இரண்டு பெண்கள் என் எதிரே அமர்ந்தார்கள்.

"அந்தம்மா நல்லவங்களா இருந்துதான் நம்ம வூடு போச்சு" என்றாள் மூத்தவள்.

"செத்தவங்கள அப்டி சொல்லாதக்கா. பம்மல்ல எத்தினி பேருக்கு விதவைப் பென்ஷன் வாங்கிக் குடுத்தாங்க!"

"பண்ணைக் கூலிக்கு குடிசை இடம் சொந்தம்னு சட்டம் வந்தப்போ, ஆபீசருகிட்ட இன்னா சொன்னாங்க?"

"'இவங்க கூலி இல்ல, என் சொந்தக்காரங்க'ன்னாங்க. எனக்கு அழுகையே வந்துச்சு."

"இப்போ அவங்க தம்பி மவன், 'அத்தையே கூலி இல்லன்னுட்டாங்க, காலி பண்ணு'ன்றான்."

அந்தச் சட்டத்தை நான் படித்திருக்கிறேன். பாசத்துக்கு அதில் பிரிவு கிடையாது.

குரோம்பேட்டை தாண்டியதும் இளையவள் கேட்டாள்: "சொந்தக்காரங்கன்னா, குழியில ஒரு பிடி மண்ணு போட நம்மள ஏங்க்கா வுடல?"