பவளத்தைக் கட்டிய வார்

என் பெயர் அம்மாக்கண்ணு, கணவர் பெயர் காளியண்ணன், வயது 31. மலைமேல் ரிங்லெட் ஊரை அடுத்த தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறேன், அங்கேயே தொழிலாளர் லயத்தில் குடியிருக்கிறேன். ஆபத்து வருமென்று தெரிந்தே என் மகளை மட்டும் கட்டிக் காப்பாற்றிக்கொண்டேன் என்று நாத்தனார் நீலாவதி போலீசில் கொடுத்த புகாருக்கு இது என் பதில்.

என் மகள் பவளத்துக்கு ஆறு வயது. பிறந்ததிலிருந்து கழுத்து நிற்காது, பேச்சு வராது. காரில் சரிந்தால் தலை தொங்கி மூச்சு அடைக்கும். ஆகவே ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம், முதுகுப் பக்கம் மட்டும் உயரமாக விட்டு வெட்டிய பழைய கொழுந்துக் கூடையில் அவளை உட்காரவைத்து, துணி அடைத்து, கூடையின் இரண்டு தோள்வார்களில் ஒன்றால் சீட்டோடு கட்டுவேன். அன்றைக்கென்று புதிதாகக் கட்டவில்லை.

1979 ஆகஸ்ட் 14-ஆம் தேதி காலை வீரப்பனின் டாக்சியில் தாப்பா ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டோம். நீலாவதியின் மடியில் இருமலோடு அவளுடைய பத்து மாத மகன் அர்ஜுனன் இருந்தான். நான் கட்டுவதைப் பார்த்து, "ஆட்டுக்குட்டி மாதிரி கட்டுறீங்களே அண்ணி, பாவம்லா" என்றாள். அதன் பிறகு நான் இன்னொரு வாரை நீட்டி, பிள்ளையையும் சேர்த்துக் கட்டிக்கொள்ளச் சொன்னேன். "எம்புள்ள என்ன நொண்டியா?" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. வாரைக் காலடியில் போட்டுவிட்டேன்.

மலை இறக்கத்தில் பனி மூடியிருந்தது. வீரப்பன் மெதுவாகத்தான் ஓட்டினார், அவர் மேல் குறை சொல்ல மாட்டேன். வளைவில் எதிரே முட்டைக்கோஸ் லோரி வந்தது, அவர் ஒதுங்கினார், கார் பள்ளத்தில் உருண்டது. எனக்கு நினைவு வந்தபோது பவளம் கூடையோடு தலைகீழாகத் தொங்கியபடி சிரித்துக்கொண்டிருந்தாள். பயந்தால் அவள் சிரிப்பாள். அந்தச் சிரிப்பைக் கேட்டுத்தான் நீலாவதி கண் திறந்தாள். மடியில் பிள்ளை இல்லை.

அதன் பிறகு லோரிக்காரர்கள் வாரை அறுத்துப் பவளத்தை எடுத்தார்கள். அர்ஜுனனைப் பெரணிச் செடிகளுக்குள் கண்டெடுத்தார்கள். உயிர் இல்லை.

நீலாவதி மேல் எனக்குக் கோபம் இல்லை. அவள் வீடு எங்கள் வீட்டுக்கு அடுத்தது. பவளம் சிரித்தால் அவள் கதவை அறைந்து சாத்துகிறாள். அந்தச் சத்தத்துக்குப் பயந்து பவளம் மறுபடியும் சிரிக்கிறாள். நான் பவளத்தின் வாயைப் பொத்துகிறேன்.

வெள்ளிக்கிழமை பவளத்தை மறுபடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். வார்கள் இரண்டும் போலீசாரிடம் இருக்கின்றன. அறுத்த வார் இனி உதவாது. நீலாவதி வேண்டாமென்ற வாரைத் திருப்பித் தந்தால் போதும்.

எழுதியதைத் தமிழில் எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னதுதான், கூட்டவும் குறைக்கவும் எதுவுமில்லை, அத்தனையும் உண்மை.

அம்மாக்கண்ணு, இடது பெருவிரல் ரேகை.