மாப்பிள்ளை பார்க்கப் போனவர்கள்

சீனி போடாமல் கோப்பி தந்ததற்கு நன்றி. எனக்கு நீரிழிவு என்பதைக்கூட, பொலிஸ்காரர் நீங்கள் விசாரித்து வைத்திருக்கிறீர்கள். கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேன். எங்கள் ஆட்கள் நோயை மறைப்பதில்லை, வீட்டில் கலியாண வயதில் பிள்ளை இருந்தாலொழிய.

பெயர் யோகலிங்கம். நோர்வேக்கு வந்த நாளிலிருந்து ரொம்மனில் இருக்கிறேன். பகலில் பள்ளிக்கூடம் ஒன்றைத் துப்புரவு செய்வேன், மற்ற நேரத்தில் சம்பந்தம் பேசுவேன். இதுவரை நாற்பத்தொரு கலியாணம். நான்கு முறிந்தன. அது பிள்ளைகளின் பிழை.

நீங்கள் கேட்கிற றெஜினோல்ட் ஒரு வெளிநாட்டு உளவு நிறுவனத்தின் ஆள். எந்த நாடு என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வாயைத் திறந்தால் 'பிராந்திய உறுதிப்பாடு', 'மூலோபாயம்' என்றுதான் வரும். பாங்கொக்கில் அவர்களுக்கு ஒன்பது பேர், இரண்டு வாகனம், ஒட்டுக்கேட்கும் கருவிகள். இவ்வளவையும் வைத்துக்கொண்டு பதினாலு மாதமாக ஒரே ஆளைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

அவன் பெயர் ஆனந்தராஜா. தடுப்பு முகாம் ஒன்றில் நடந்ததை நேரில் கண்டவன். அடுத்த மாதம் விசாரணைக் குழுவின் முன் சாட்சி சொல்லவிருந்தான். அதுவரை பெயரை மாற்றி, தாடி வளர்த்து, பாங்கொக்கில் ஒளிந்திருந்தான். அவனுடைய அக்கா உதயகுமாரி இங்கே புருசெத்தில் இருக்கிறாள்.

றெஜினோல்ட் எனக்குத் தந்த பதவி 'பிராந்திய ஆலோசகர்'. சிரிக்காதீர்கள். முப்பது வருடமாக இந்த ஊரில் வகுப்பறை கூட்டுகிறேன். தமிழ்ச் சங்கத்தில் உபசெயலாளர் பதவிக்குக்கூட என்னை ஒருவரும் முன்மொழியவில்லை.

அந்த ஒன்பது பேரும் விட்ட பிழை, ஒளிந்தவனைத் தேடியது. மாப்பிள்ளையைத் தேடியிருக்க வேண்டும். எங்கள் சனம் பொலிசுக்கு வாய் திறக்காது. சம்பந்தம் பேச வந்தவரிடம் எதையும் மறைக்காது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் உதயகுமாரி வீட்டுக்குப் போனேன். வடை சுட்டுத் தந்தாள்.

"தங்கச்சி, தம்பிக்கு ஒரு இடம் வந்திருக்கு. பெட்டை ஹம்மர்பெஸ்டிலை தாதி. நோர்வே பாஸ்போட்."

"அவன் இருக்கிற இடம் ஆருக்கும் சொல்லக்கூடாது எண்டவன், அண்ணை."

"நான் ஆரோ ஆளே?"

"சீ, உங்களைச் சொல்லுவனே? எங்கடை கலியாணமே நீங்கள் செய்து வைச்சது. அதுக்குத்தான் இந்த மனுசன் இன்னும் உங்களைத் திட்டுறவர்."

சிரித்தபடியே தம்பியின் சாதகக் குறிப்பை எடுத்து வந்தாள். அதன் பின்பக்கத்தில் விலாசத்தையும், எத்தனையாம் மாடி, எத்தனை மணிக்கு அறையில் இருப்பான் என்பதையும் அவளே எழுதினாள்.

"பெட்டை பகுதி ஆக்கள் செவ்வாய்க்கிழமை வந்து பாப்பினம். தாடியை எடுக்கச் சொல்லுங்கோ. சாமியார் எண்டு நினைச்சுத் திரும்பிப் போயிடுவினம்."

அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அக்காவுடன் தொலைபேசியில் கதைப்பவன். மறுநாள் அவள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை றெஜினோல்டின் ஆட்கள் நாலு பேர் போனார்கள். கதவை உடைக்க வேண்டி வரவில்லை என்று றெஜினோல்ட் பிறகு சொன்னார். சவரம் செய்து, மடிப்புக் கலையாத சேட்டோடு அவனே கதவைத் திறந்து "வாங்கோ" என்றானாம். நாலு பேருக்கும் சோடா வாங்கி வைத்திருந்தானாம். புதன்கிழமை அவன் உயிரோடு இல்லை.

என்ன செய்வார்கள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் கொடுத்தேன். விலாசம், மாடி, நேரம், தாடியில்லாத முகம். ஒவ்வொன்றாக எழுதிக்கொள்ளுங்கள், அவசரமில்லை. அவனோடு எனக்கு ஒரு கோபமும் கிடையாது. உண்மையாகவே தேடியிருந்தால் நல்ல இடமாகவே கட்டிவைத்திருக்கலாம்.

வெள்ளிக்கிழமை உதயகுமாரி தொலைபேசி எடுத்தாள். அவளுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது.

"பெட்டை பகுதி என்ன சொல்லினம், அண்ணை?"

"குறிப்புப் பொருந்தேல்லையாம், தங்கச்சி."



"அவனுக்குச் சொல்லிப்போடாதேங்கோ. மனம் உடைஞ்சு போவான்."

சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். கொடுத்த வாக்கை மீறுகிற பழக்கம் எனக்கு இல்லை.