பிளாக்கின் முகப்பில் ஒரு கை

"ஏலே, நீ நெட்டுல எழுதுற பிளாக்குல மேல படத்துல இருக்கது அம்மா கைன்னு அது வேலை பாக்குற கம்பெனியில கண்டுபிடிச்சுட்டாக."

சிவகாசியிலிருந்து வந்த பஸ்ஸில், முன் சீட்டு அக்கா தம்பியிடம் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"கவிதைக்குத்தானக்கா ஆரம்பிச்சேன்."

"அதோட நிறுத்த வேண்டியதுதான. அங்க பட்டாசு மருந்து ரூம்ல தீப்பிடிச்சத எதுக்கு எழுதுன?"

"வேற யாரு எழுதுவா? சரி, படத்தை எடுத்துட்டு ரோசாப்பூ போடுறேன். பிளாக் பேரையும் மாத்திடுறேன்."

"எழுதுனது?"

"அது இருக்கும்."

"அப்ப அம்மா வேலை?"

பஸ் சூலக்கரையில் நின்றபோது அவன் செல்போனில் அந்தப் படத்தைத் திறந்து பார்த்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்.

"அம்மா என்னக்கா சொல்லுச்சு?"

"எழுதுனது நெசந்தானன்னுச்சு. படத்துல கை பூரா மருந்தா இருக்காம். கழுவி வளையல் போட்டுட்டு வாரேன், நல்லதா ஒண்ணு எடுக்கச் சொல்லுன்னுச்சு."