ஓரத்தில் வெள்ளை எழுத்து

கார்ட்டூன் பார்த்து யாரும் கெட்டுப்போனதில்லை சார். எனக்கு அறுபத்தெட்டு வயது. என் தலைக்குள் குறைந்தது நாற்பதாயிரம் கார்ட்டூன் ஓடிக்கொண்டிருக்கிறது. வீட்டுக்காரி உயிரோடு இருந்தவரை, "உங்க மண்டையைத் திறந்தா மூளை வராது, வாத்துதான் வரிசையா இறங்கி வரும்" என்பாள்.

முப்பத்தோரு வருஷம் பிலிம் லேபில் செக்கிங் வேலை பார்த்தேன். வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு, ஓடுகிற பிலிமின் இரண்டு ஓரத்தையும் விரலால் தொட்டபடி உட்கார்ந்திருக்க வேண்டும். கீறல், கிழிசல், ஒட்டுப்போட்ட இடம் எல்லாம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே விரலுக்குத் தெரிந்துவிடும். பூமியை இரண்டு சுற்றுச் சுற்றுகிற அளவு பிலிம் என் விரல் வழியாகப் போயிருக்கிறது. சரி, ஒரு சுற்று என்று எழுதிக்கொள்ளுங்கள்.

ரிட்டையர் ஆன பிறகு போனில் ஒரு குழு ஆரம்பித்தேன். யாரும் கேள்விப்படாத பழைய கார்ட்டூன்களைத் தேடிப் பிடித்துப் பகிர்ந்துகொள்கிற குழு. இரண்டாயிரத்து முந்நூறு கிறுக்கர்கள். கம்பெனி மூடி, வரைந்தவர் பெயரும் அழிந்து, எங்கோ பரணில் கிடந்த ஐந்து நிமிஷப் படம் ஒன்று ஞாயிறு நாலு மணிக்கு வந்து விழும்போது எங்களுக்கு வருகிற சந்தோஷம் இருக்கிறதே, அதை உங்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. எங்களுக்கு ஒரே ஒரு சட்டம்தான். முதலில் காட்டியவர் பெயர், "கண்டெடுத்தவர்" என்று படத்துக்கு முன்னால் ஓர் அட்டையாக ஒட்டப்படும். அப்புறம் யார் எங்கே பகிர்ந்தாலும் அதை வெட்டக் கூடாது. சாகாத பெயர் சார் அது.

என் தங்கச்சி புருஷன் பேங்க் மேனேஜராக இருந்தவர். குழுவிலும் அவருக்கு மேனேஜர் என்றே பெயர். இந்தப் பைத்தியத்தை அவருக்கு ஒட்டவைத்தது நான்தான். போன வருஷம், மூடிப்போன தியேட்டர் ஒன்றின் குடோனில் பிலிம் பெட்டிகள் கிடப்பதாகச் சாப்பிடும்போது வாய் தவறிச் சொல்லிவிட்டேன். மறுநாள் நான் போய் நின்றபோது குடோன் கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து படத்து அட்டையில் அவர் பெயர். ஐந்நூறு பேர் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

"மச்சான் மூக்கு, நான் காலு. அவர் மோப்பம் பிடிப்பாரு, நான் ஓடிடுவேன்" என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார். தங்கச்சியும் சிரிப்பாள். அவள் சிரித்தால் நான் கோபப்பட மாட்டேன். சின்ன வயதிலிருந்தே அப்படி.

அந்தப் பெட்டிகளில் கடைசியாகத் திறந்ததில்தான் ஆடு இருந்தது. தபால்கார ஆடு. போகிற வழியில் பசி தாங்காமல் எல்லாக் கடிதத்தையும் தின்றுவிடும். பிறகு ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, தின்ற கடிதத்தை மனப்பாடமாக ஒப்பிக்கும். கடிதம் வீடு மாறிவிடும் சார், அதுதான் வேடிக்கை. ஏழு நிமிஷம். உலகத்தில் வேறு பிரதி இருப்பதாக எங்களில் யாருக்கும் தெரியாது.

மேனேஜர் சுருளை என்னிடம்தான் கொண்டுவந்தார். வேறு யாரிடம் போவார்? "ஓரத்துல சேஃப்டின்னு போட்டிருக்கு மாப்பிள்ளை, அப்புறம் என்ன?" என்று நான் சொல்ல வேண்டும் என்பதுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

இதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். அந்தக் காலத்தில் இரண்டு வகைப் பிலிம் இருந்தது. ஒன்று சாதாரணமானது, ஓரத்தில் சேஃப்டி என்று போட்டிருக்கும். இன்னொன்று அதற்கு முந்தைய நைட்ரேட். ப்ரொஜெக்டர் விளக்குச் சூட்டில் ஒரு நொடி சிக்கி நின்றால் போதும், பற்றிக்கொள்ளும். தண்ணீரில் முக்கினாலும் உள்ளே எரியும். இதில் மட்டும் நான் மிகைப்படுத்தவில்லை. சேகரிப்பவர்கள் ஓரத்து எழுத்தைப் பார்த்துவிட்டு நிம்மதியாகிவிடுவார்கள். ஆனால் ஒரு பிலிமிலிருந்து இன்னொன்றுக்கு நகல் எடுக்கும்போது ஓரத்து எழுத்தும் சேர்ந்தே வந்துவிடும். அந்தப் பிலிமின் சொந்த எழுத்து கறுப்பாக இருக்கும். நகலில் வந்த எழுத்து வெள்ளையாக இருக்கும். வெள்ளை எழுத்து தாய்ப் பிலிமைப் பற்றித்தான் சொல்கிறது. கையில் இருப்பதைப் பற்றி ஒன்றும் சொல்லாது. இதை லேபில் முதல் வாரமே கற்றுக்கொடுத்துவிடுவார்கள்.

ஆட்டின் ஓரத்தில் வெள்ளை எழுத்து. நைட்ரேட் என்று விரலுக்கே தெரிந்துவிட்டது.

துடைத்துத் தருகிறேன் என்று இரண்டு நாள் வாங்கி வைத்துக்கொண்டேன். தையல் மெஷின் மோட்டாரில் நானே செய்த கருவி ஒன்று இருக்கிறது, விளக்குச் சூடு இல்லாமல் ஒவ்வொரு கட்டமாகப் படம் எடுக்கும். பத்தாயிரத்துச் சொச்சம் கட்டம். ஒன்றையும் விடவில்லை. மூன்றாம் நாள் சுருளைத் திருப்பிக் கொடுத்தபோது அவர் மறுபடி கேட்டார்.

"தாராளமா ஓட்டலாமா மச்சான்?"

"அதுதான் ஓரத்துல எழுதியே இருக்கே மாப்பிள்ளை" என்றேன்.

பொய் சொல்லவில்லை, கவனியுங்கள். எழுதித்தான் இருந்தது.

ஞாயிறு மூன்றரைக்குத் தங்கச்சி போன் செய்தாள். வீட்டுச் சுவரில் ஓட்டி, அதை அப்படியே போனில் பிடித்து நாலு மணிக்குக் குழுவில் போடப்போகிறார்களாம். நான் முட்டி வலி என்றேன்.

"நீ இல்லாம எப்படிண்ணா? அவருக்குக் கை நடுங்குது, மெஷின் பக்கத்துல நான்தான் நிக்கணும்" என்றாள்.

அவள் நிற்பாள் என்பது என் கணக்கில் இல்லை. அவள் எப்போதும் சமையலறையில்தான் இருப்பாள், கார்ட்டூன் என்றாலே கொட்டாவி விடுவாள். அவள் இரண்டு தடவை ஹலோ சொன்னாள். நிறுத்தச் சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். காரணம் சொன்னால் அவர் அந்தச் சுருளை வேறு வழியில் படம் பிடித்துவிடுவார். அட்டையில் மறுபடி அவர் பெயர்தான்.

"ஜன்னலையெல்லாம் நல்லாச் சாத்திக்கோம்மா. வெளிச்சம் வந்தா ஆடு தெரியாது" என்றேன்.

மூன்று ஐம்பதுக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் புகையைப் பார்த்திருக்கிறார்கள். நாலு பத்துக்கு நான் படத்தைக் குழுவில் போட்டேன். ஒரே பிரதி எரிந்து இருபது நிமிஷம் கழித்து அது எப்படி என் போனில் இருந்தது என்று நீங்கள் கேட்டபோது, உண்மையில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கடைசியில் பிலிமைப் பற்றி யோசிக்கிற ஒருவரைப் பார்த்தேன்.

ஆமாம், தெரிந்தேதான் கொடுத்தேன். மாப்பிள்ளை சாக வேண்டும் என்று கொடுத்தேன், செத்தார். ஜன்னலைச் சாத்தச் சொன்னதும் தெரிந்தேதான். எங்கே கையெழுத்து என்று காட்டுங்கள்.

தங்கச்சி உங்களிடம், "அண்ணன் மேல தப்பில்ல, எழுத்துதான் எங்களை ஏமாத்திடுச்சு" என்று சொன்னதாகச் சொன்னீர்கள். அவள் மனசு அப்படி. அவள் கண்கட்டை அவிழ்த்த பிறகுதான் பார்வையைப் பற்றிச் சொல்ல முடியும் என்கிறாராம் டாக்டர். அவிழ்க்கிற அன்றைக்கு மட்டும் என்னையும் என் போனையும் அங்கே கூட்டிக்கொண்டு போங்கள் சார். பாவம், அவள் முதல் மூன்று நிமிஷம்தான் பார்த்திருக்கிறாள். மிச்சத்தை அவளுக்குக் காட்ட என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?