தங்கை எடுத்த யானை

ஒளியை வசப்படுத்தும் வித்தகர்கள் கூடிய இந்த அவையின் தலைவர் அவர்களே! ஆயிரம் படங்களை அலசி ஆராய்ந்த தேர்வுக்குழு ஆன்றோர்களே! கண்காட்சியைக் கால் கடுக்கச் சுற்றிவிட்டு, என் பேச்சையும் கேட்கத் துணிந்த தாய்மார்களே! முதற்பரிசோடு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் என் தங்கையே! அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

தங்கையைப் பாராட்டிப் பேச அழைத்தார்கள். நெஞ்சில் நெருஞ்சியாய்த் தைத்திருப்பதை மறைத்துக்கொண்டு பாராட்டினால், அது பாராட்டாகுமா?

இருபத்திரண்டு ஆண்டுகளாக ஸ்டுடியோ நடத்துபவன் நான். அவளோ பல் மருத்துவமனையில் சீட்டெழுதுபவள். காட்டு யானைகளைப் படமெடுக்க மூன்று நாள் சஃபாரி கிளம்பினேன். நானும் வருகிறேன் என்றாள். என் கையில் முழங்கை நீள லென்ஸ். அவள் கையில் நான் கழித்துப்போட்ட, திரைகூட எரியாத பழைய கேமரா.

மூன்றாம் நாள் காலை. மூங்கில் முறிய, புழுதி புரள, யானைக்கூட்டம் பாதையைக் கடந்தது. ஜீப்பில் எழுந்து நிற்கக் கூடாது என்று ஓட்டுநர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். நான் எழுந்தேன். குட்டியோடு நின்ற தாய் யானை காது விரித்துப் பாய்ந்தது. ஓட்டுநர் வண்டியைச் சட்டென்று பின்னுக்கு எடுக்க, நான் இருக்கைகளுக்கு நடுவே குப்புற விழுந்தேன். சிரிக்கிறீர்களா? சிரியுங்கள், விழுந்தவன் நான்தானே! யானை சற்றுத் தள்ளி நின்றது. பிறகு குட்டியோடு திரும்பிப் போனது.

அன்று மாலை விடுதி அறையில் படங்களைக் கணினியில் ஏற்றினேன். என்னுடையவை நானூறு: வால், புழுதி, ஜீப்பின் தரை. அவள் அன்று எடுத்தது ஒன்று. ஒரே ஒன்று! விரித்த காது இன்னும் மடங்கவில்லை. துதிக்கையோ அதற்குள் குட்டியின் தலையைத் தடவுகிறது. கோபமும் கனிவும் ஒரே கணத்தில்! வியந்தேனா? வெந்தேன். மகிழ்ந்தேனா? மருகினேன். படத்தை அழித்தேன்.

“உன் படம் பதிவாகலம்மா” என்றேன்.

“போகட்டும் அண்ணா, கண்ணால பாத்தேன்ல” என்றவள், என் முழங்கால் சிராய்ப்புக்கு மருந்து போட்டாள். ஆமாம், இப்போது நீங்கள் சிரிக்கவில்லை.

பன்னிரண்டு நாள் கழித்து ஸ்டுடியோவுக்கு வந்து கேமராவை மேசைமேல் வைத்தாள். “எனக்கு இது கைவரல. நீயே வச்சுக்க.” அந்தச் சொல் என்னை அறுத்தது. ஊரார் வீட்டுக் கல்யாணப் படங்கள் அழிந்துபோனால் மீட்டுக் கொடுப்பவன் நான். அன்றே அந்தப் படத்தை மீட்டேன்; அவள் பெயரில் போட்டிக்கு அனுப்பினேன். கெட்டுப்போன படத்தைப் பாடுபட்டு மீட்டதாக அவளிடம் பெருமையும் அடித்துக்கொண்டேன்! சற்று முன் பரிசு வாங்கியபோது, “எல்லாம் எங்க அண்ணாவாலதான்” என்றாளே, கேட்டீர்களா? எப்படித் தாங்குவேன்?

தங்கையே! உன் கை தவறவில்லை; என் மனம்தான் தவறியது. உன் படம் தானாக அழியவில்லை, நான் அழித்தேன். அந்தப் பொறாமை இன்றாவது போனதா? போகவில்லை! இந்தச் சுவரில் அந்தப் படத்தைப் பார்க்கும்போதும் வயிறு எரிகிறது. எரியட்டும்! எரிகிற வயிற்றோடு எல்லார் முன்னும் சொல்கிறேன்: நான் ஆயுள் முழுக்க எடுக்க முடியாத படத்தை இவள் எடுத்திருக்கிறாள்!

இதோ, எழுந்து நிற்கிறாள். என்னம்மா?

“இனிமே என் படத்தை நானே பாத்துக்கறேன். நீ பேசி முடி.”

அவையோரே, தீர்ப்பு வந்துவிட்டது. தலை வணங்கி ஏற்கிறேன். பொறுமையோடு செவிமடுத்த உங்கள் அனைவருக்கும் நன்றி கூறி இறங்குகிறேன். வணக்கம்.