மூன்று கதவுகளையும் நான்தான் காட்டினேன்

மடார். ஓடு உடைகிறது. இன்னொரு கல். மூத்தவள் என் கையைப் பிடித்திருக்கிறாள். சின்னவன் இடுப்பில். புதன்கிழமை, பகல் மூன்றேகால். வீட்டுக்காரர் ஆலையில். மூன்று மணிச் சங்கு ஊதி அடங்கியது. பிறகுதான் முதல் கல்.

பக்கத்து வீட்டுக் கௌரம்மா கொல்லைச் சுவருக்கு மேலிருந்து கத்துகிறாள். "ரத்னா! பின்னாடி வா! பேக பா, சீக்கிரம்!"

பிள்ளைகளைத் தூக்கிக் கொடுத்தேன். குதித்தேன்.

அறுபதுகளின் தொடக்கம். எங்கள் சந்து பெங்களூரில், மர்பி டவுனுக்கு வெளியே, கூப்பிடு தூரத்தில். பதினோரு வீடுகள். மூன்று தமிழ், மற்றதெல்லாம் கன்னடம். எல்லோருக்கும் ஒரே குழாய். யாரும் எண்ணிப் பார்த்ததில்லை.

எண்ணியவர்கள் முந்தின ஞாயிறு வந்தார்கள். நான்கு பேர். வெள்ளைச் சட்டை, கையில் நோட்டு. ஏதோ சங்கம். ரேஷன் கார்டுக்கு என்றார்கள். ஒருவன் தமிழிலேயே கேட்டான். "அக்கா, இந்தச் சந்துல உங்க ஜனம் எத்தன வீடு?"

கைநீட்டிக் காட்டினேன். "இது எங்களுது. அது டைலர் ஏழுமலை அண்ணன் வீடு. கோடியில முனியம்மா." டீ வேண்டுமா என்றும் கேட்டேன்.

புதன்கிழமை வந்த கூட்டம் தேடவில்லை. மூன்று கதவுக்கும் நேராக வந்தது. மர்பி டவுன் பக்கம் போகவில்லை. அங்கே தெருத்தெருவாக நாங்கள். இங்கே மூன்றே வீடு.

கௌரம்மா எங்களை விறகுக் கொட்டிலில் தள்ளிவிட்டு வாசலில் நிற்கிறாள். "இல்லி யாரூ இல்ல!" இங்கே யாருமில்லை என்கிறாள். காலடிகள் நகர்கின்றன. சந்தில் ஏழுமலை அண்ணன் கத்துகிறார். "வேணாம்யா! உள்ள பொம்பளைங்க இருக்காங்க!" இரண்டு முறை கேட்டது. மூன்றாவது பாதியில் நின்றது.

போலீஸ் விசில் ஊதியபோது மணி நாலு.

அந்த வாரமே மர்பி டவுனுக்குக் குடிபோனோம். நாங்கள் போன தெருவில் ஒரே ஒரு கன்னடக் குடும்பம். பூ கட்டி விற்பவர்கள். பத்து நாள் கழித்து எங்கள் ஆட்கள் கூடினார்கள். "உங்க பக்கம் போங்கடா!" கல் விழுந்த சத்தம் ஒரே மாதிரிதான் இருந்தது. நான் கதவைச் சாத்திக்கொண்டேன். கௌரம்மா நின்றதுபோல் நிற்கவில்லை.

இழந்தவை. ஏழுமலை அண்ணன். அவருடைய மெஷின். முனியம்மாவின் இடது கண். என் வீட்டுக் கூரை. பூக்காரர்கள் நான்கு பேர், எங்கே போனார்களோ தெரியாது. கௌரம்மா; அதன்பின் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. அந்தச் சந்தில் இப்போது தமிழ் வீடு ஒன்றுமில்லை. எங்கள் தெருவில் கன்னட வீடு ஒன்றுமில்லை.